பினாங்குக்குப் போன கொட்டாப்புளி

திருச்சி விமான நிலையத்தில் சோதனை செய்த அம்மணி என் கைப்பைக்குள் கையை விட்டு அதை வெளியே எடுத்தார். ஒரு கையில் கனம் தாங்காமல் இன்னொரு கையையும் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். "என்ன சார் இது, உருட்டுக்கட்டை?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "கொட்டாப்புளிங்க. உளி அடிக்கிறது" என்றேன். "உளி வேற வச்சிருக்கீங்களா?" என்று என் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார்.

உளி இல்லை. இரண்டு வேட்டி, ஒரு டப்பா முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய், அவ்வளவுதான். ஆனாலும் அடிக்கிற சாமான் எதுவும் விமானத்துக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் கெஞ்சினேன், கொஞ்சம் கோபப்பட்டேன், மறுபடியும் கெஞ்சினேன். கடைசியில் வேட்டியில் சுற்றி, பெரிய பெட்டிகளோடு சரக்கறைக்கு அனுப்பிவைத்தேன். பிள்ளையை வேறு பஸ்ஸில் ஏற்றிவிட்டவன் மாதிரி வழியெல்லாம் அதே நினைப்பாக உட்கார்ந்திருந்தேன்.

இவ்வளவு பாசம் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் அரும்பாவூர், தொழில் மரச்சிற்பம். தேருக்குப் பொம்மை, சாமிக்கு வாகனம், கோயிலுக்குக் கதவு. உளியின் தலையை இரும்புச் சுத்தியலால் அடித்தால் மரப்பிடி பிளந்துபோகும், அடிக்கிறவன் மணிக்கட்டும் அதிர்ந்து கெடும். அதனால் மரத்திலேயே ஒரு சுத்தி, அதுதான் கொட்டாப்புளி. தலையும் பிடியும் ஒரே கட்டையில் கடைந்தெடுத்தது. நான் வயிரம் பாய்ந்த புளியங்கட்டையில்தான் செய்வேன். ஊரில் பாதிப்பேர் கையில் நான் செய்ததுதான் இருக்கிறது. ஆளுடைய கையைப் பிடித்துப் பார்த்து அதற்கேற்ற கனத்தில் செய்து கொடுப்பேன். ஒருவர் கொட்டாப்புளியை இன்னொருவர் எடுத்து அடிப்பது எங்களிடம் வழக்கமில்லை. கனம் மாறினால் அடி மாறும், அடி மாறினால் சிலையின் மூக்கு கோணிப்போகும்.

இந்தக் கொட்டாப்புளி தங்கராசுவுக்காகச் செய்தது. இருபது வருஷத்துக்கும் முன்னால் அவனும் நானும் ஒரே கோயில் வேலைக்காகப் பினாங்குக்குப் போனோம். ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் எதிரெதிரே உட்கார்ந்து ஐந்து வருஷம் செதுக்கினோம். நான் ஊர் திரும்பினேன். அவன் நிபோங் திபால் தோட்டத்துப் பெண் லெட்சுமியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கி, சொந்தப் பட்டறை போட்டுவிட்டான். போன வருஷம் அவன் வலது கைக்கு ஏதோ நரம்புக் கோளாறு வந்து ஆப்பரேஷன் ஆனது. அதற்குப் பிறகு வேலையைப் பற்றி அவன் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் ஃபோன் வந்தது. "டேய் கதிரு, ஒரு கொட்டாப்புளி செஞ்சு அனுப்புடா. அளவு சொல்லி அனுப்புறேன்" என்றான். எனக்கு நின்ற இடத்தில் குதிக்கவேண்டும் போல இருந்தது. கொட்டாப்புளி கேட்கிறான் என்றால் கை வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்!

அன்று மாலையே அளவைக் குரல்பதிவாக அனுப்பினான். பிடி இவ்வளவு கனம், தலை இவ்வளவு சுற்று, எடை முக்கால் கிலோவுக்குள் என்று. கேட்டுவிட்டுச் சிரித்தேன். தங்கராசுவின் உள்ளங்கை அகலம் எனக்குத் தெரியாதா? முக்கால் கிலோவை அவன் விசிறி மாதிரி வீசுவான். "ஒரு வருஷம் சும்மா உக்காந்து இவனுக்குத் தன் கை அளவே மறந்துபோச்சு" என்று என் மனைவியிடம் சொன்னேன். அவன் அளவை ஒதுக்கிவைத்துவிட்டு, என் ஞாபகத்தில் இருந்த கைக்கு, ஒன்றேகால் கிலோவில் செய்தேன். நான் செய்ததிலேயே அழகு அதுதான். கூரியரில் போட மனசு வரவில்லை. அவன் அதைப் பிடித்து அடிக்கிற முதல் அடியைப் பார்க்கவேண்டும் என்று நானே கிளம்பிவிட்டேன்.

பினாங்கு விமான நிலையத்தில் இறங்கியதும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஐந்து வருஷம் குப்பை கொட்டிய ஊர், நமக்கு வழி தெரியாதா என்று வந்த பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் போனது, போனது, வீடுகள் குறைந்தன, பச்சை அதிகமானது, வளைந்து வளைந்து மேட்டில் ஏற ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மாவிடம் எனக்கு மிச்சமிருந்த மலாயில் ஜார்ஜ் டவுன் எப்போது வரும் என்று கேட்டேன். "வராது" என்றார் அவர். "நீங்கள் பாலிக் புலாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். பரவாயில்லை, அங்கே டுரியான் பழம் நன்றாக இருக்கும்." முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். டுரியான் சாப்பிடாமலே இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, மழையில் நனைந்து, அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

தங்கராசுவின் பட்டறை கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் இருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது. கீழே முன்பக்கம் சாமான், பின்பக்கம் பட்டறை, மாடியில் வீடு. நான் நனைந்த கோழியாகப் போய் நின்றபோது அவன் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தலை நரைத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பின்பக்கத்தில் இருந்து கொட்டாப்புளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "வந்துட்டியாடா!" என்று அவன் கத்தியதும் அது நின்றுவிட்டது.

"உள்ள யாரு?" என்றேன்.

"ஆளு வச்சிருக்கேன்லா" என்றான், இந்த ஊர் 'லா' அவன் பேச்சிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் இடது கையால் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். நானும் கட்டிக்கொண்டேன்.

லெட்சுமி தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக்கொண்டே வந்தாள். "வாங்கண்ணே, பசியாறிட்டீங்களா?" என்றாள். இந்த ஊரில் காலையோ மாலையோ அவளுக்குக் கேள்வி இதுதான். பசியாறுவது என்ற சொல்லைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! ஊரில் நாங்கள் டிபன் சாப்பிடுகிறோம், பசியாறுவதில்லை.

வேட்டிச் சுற்றைப் பிரித்துக் கொட்டாப்புளியை மேஜைமேல் வைத்தேன். தங்கராசு அதை வெகுநேரம் பார்த்தான். இடது கையால் உருட்டினான், தடவினான், முகர்ந்துகூடப் பார்த்தான். "என்னாமா செஞ்சிருக்கடா" என்றான். லெட்சுமி எட்டிப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தாள், அவன் அவளைப் பார்க்கவில்லை. அடித்துப் பார் என்று நான் அவசரப்படுத்தினேன். "இன்னிக்கி நாள் நல்லால்ல, நாளைக்கிப் பாப்போம்" என்றான். புதுக் கருவியை நல்ல நாளில்தான் தொடுவது எங்கள் வழக்கம், அதனால் நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் தனியாக நடக்கக் கிளம்பினேன். முதலில் 'நாசி கண்டார்' என்கிற சாப்பாட்டுக் கடை. சோற்றின்மேல் நாலு குழம்பையும் ஒன்றாக ஊற்றி, தட்டில் வெள்ளம் வந்ததுபோல் கொடுப்பார்களே, அதற்கு இங்கே 'பஞ்சிர்' என்று பெயர். வெள்ளம் என்றுதான் அர்த்தம். ஊரில் சாம்பாரையும் ரசத்தையும் கலந்தாலே என் மனைவி முறைப்பாள். கடைக்காரர் ராமநாதபுரத்துப் பக்கத்து முஸ்லிம், "அண்ணே, மீன் தலை எடுத்துக்குங்க, இன்னிக்கி ஃபிரெஷ்லா" என்று கேட்காமலே வைத்துவிட்டார். பக்கத்து மேஜையில் இரண்டு சீனப் பெரியவர்கள் மலாயில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "உன் மருமகள் சமையலை விடு, இந்தக் குழம்பைச் சாப்பிடு, ஆயுசு கூடும்" என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னார். எனக்கும் கூடட்டும் என்று இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.

பிறகு எங்கள் பழைய மாடியைப் பார்க்கப் போனேன். இப்போது அது காப்பிக் கடை. கண்ணாடிக் கதவு, குளிர்ச்சாதனம், சுவரில் பெரிய பூனைப் படம். பூனையோடு சேர்ந்து படம் எடுக்கப் பெண்பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அந்த ஜன்னலுக்குக் கீழேதான் தங்கராசு உட்காருவான். பகலெல்லாம் அவன் 'டக், டக்' என்று நிதானமாக அடிப்பான், நான் பொடிப்பொடியாக அடிப்பேன். கீழே தையல்கடை வைத்திருந்தவர் மாடியில் இன்றைக்கு யார் வேலை, யார் லீவு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். சாயங்காலம் ஜன்னல் வழியாகக் கயிற்றில் தூக்கு இறக்கி டீ வாங்குவோம். பள்ளிவாசல் பாங்கு கேட்டதும் அன்றைய வேலையை முடிப்போம். காசு கிடையாது, பெண்டாட்டி கிடையாது, அப்படியும் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அந்தக் காலம் எனக்குத் திரும்ப வேண்டும் என்று அங்கே நின்று நிஜமாகவே நினைத்தேன். காப்பிக் கடைப் பெண் கதவைத் திறந்து மலாயில் உள்ளே வரச் சொன்னாள். வேண்டாம் என்று நடந்துவிட்டேன்.

மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தவன் மனசு கேட்காமல் முன்னாலேயே பட்டறைக்குப் போனேன். வாசலில் தங்கராசு இல்லை. பின்னால் சத்தம் கேட்டது. இரண்டு அடி மெதுவாக, ஓர் அடி அழுத்தமாக, அப்புறம் ஒரு சின்ன நிறுத்தம். தங்கராசு அப்படி அடிக்கமாட்டான். ஆள் வைத்திருக்கிறேன் என்றானே, யாரென்று பார்ப்போம் என்று உள்ளே போனேன்.

ஓர் அன்ன வாகனம் நின்றது, ஆள் உயரத்துக்கு. சிறகு முழுவதும் வரிவரியாக முடிந்திருந்தது. கழுத்து வளைவு முடிந்திருந்தது. முகம் மட்டும் மொட்டைக் கட்டையாக இருந்தது. அதன் கழுத்தடியில் முக்காலி போட்டு லெட்சுமி உட்கார்ந்திருந்தாள், இடது கையில் உளி, வலது கையில் தங்கராசுவின் பழைய கொட்டாப்புளி. அது ஊரில் நான்தான் அவனுக்குச் செய்து கொடுத்தது, எனக்கு நன்றாகவே தெரியும். அவள் மணிக்கட்டில் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. துணிக்கு மேலும் கீழும் வீங்கியிருந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "அவரு மீன் வாங்க பாசாருக்குப் போயிருக்காருண்ணே" என்றாள், அதுதான் நான் கேட்கவந்த கேள்வி என்பதுபோல.

"எவ்ளோ நாளா?" என்றேன்.

"கல்யாணமான புதுசுல உப்புத்தாள் தேச்சுக் குடுப்பேன். அப்புறம் பூ, கொடி எல்லாம் அவரு சொல்லிக் குடுத்தாரு. கை முடியாம போனதும் நானே எல்லாம் செய்றேன்." கொட்டாப்புளியைப் பின்னால் மறைத்தாள். "சிறகு சரியா வந்துருக்காண்ணே?"

சிறகு சரியாக வந்திருந்தது என்றால் குறைத்துச் சொல்வதாகும். ஒவ்வோர் இறகும் ஒரே பக்கம் காற்றடிக்கிற மாதிரி சாய்ந்திருந்தது. நானோ தங்கராசுவோ அப்படிச் சாய்த்திருக்கமாட்டோம், நாங்கள் படித்த பாடத்தில் இறகு நேராக நிற்கும். ஆனால் அதையெல்லாம் பேசுகிற நிலையில் நான் இல்லை. எனக்கு அந்த முக்கால் கிலோ ஞாபகம் வந்துவிட்டது.

தங்கராசு மீன் பையோடு திரும்பி வந்தான். என் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். வலது கையை மேஜைமேல் தூக்கிவைத்துக் காட்டினான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் அசைந்தன. மற்ற மூன்றும் பாதி மடங்கியபடி சும்மா கிடந்தன.

"இனிமே இவ்ளோதான்னு டாக்டர் சொல்லிட்டாருடா."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"கை போச்சுன்னு ஒங்கிட்ட ஃபோன்ல எப்பிடிடா சொல்றது? வாய் வரல. அதான் அளவ அனுப்புனேன். நீ அளவக் கேட்டா போதும், யாரு கைன்னு கண்டுபுடிச்சிருவ, நான் சொல்லவே வேணாம்னு நெனச்சேன்." கொஞ்சம் சிரித்தான். "நீயோ எனக்கே செஞ்சு எடுத்துக்கிட்டு வந்து நிக்கிற."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வாயால் சொல்ல முடியாததை ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனுக்கு அளவுக்குள் வைத்து அனுப்பியிருக்கிறான். நான் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்திருக்கிறேன். வாகனம் செய்யச் சொன்ன கோயில் தலைவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். "எல்லாருக்கும் தெரியும்லா, அவதான் செய்றான்னு. ஒனக்கு மட்டுந்தான் தெரியாது" என்றான். "முகம் மட்டும் பாக்கி. கனம் தாங்காம அவ கை வீங்கிக்கிட்டே போவுது. என் பழைய கொட்டாப்புளிய வச்சே முகத்தையும் முடிச்சா அவ கையும் என் கை மாதிரி ஆயிரும் கதிரு. வீட்ல ஒரு கையாவது மிச்சம் இருக்கணும்ல."

பெரியதைச் சிறியதாக்கலாம், அது பெரிய வித்தை இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், புக்கிட் தெங்காவில் நாற்காலிக் கால் கடைகிற ஒரு சீனரைத் தங்கராசுவுக்குத் தெரியும், மெஷின் அங்கே இருக்கிறது. நான் சரி என்றேன். ஆனால் லெட்சுமி வந்து மேஜைமேல் இருந்த கொட்டாப்புளியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இத வெட்டக் கூடாது. அவருக்குன்னு செஞ்சது. கை வந்துச்சுன்னா அப்புறம் எத எடுத்து அடிப்பாரு?"

"வராது லெட்சுமி."

"ஒங்களுக்கு எல்லாம் தெரியும்! டாக்டர் சொன்னா முடிஞ்சிச்சா? நான் பழசுலயே அடிச்சிக்கிறேன், போங்க." மாடிக்குப் போய்விட்டாள். அன்று மீன்குழம்பு மட்டும்தான் நன்றாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை அவர்களுடைய பழைய வேனில் கிளம்பினோம். ஓட்டியது லெட்சுமிதான். வர மாட்டேன் என்று சொன்னவள், தனியாக விட்டால் இவர்கள் வெட்டிவிடுவார்கள் என்று தானே வந்துவிட்டாள். கொட்டாப்புளி அவள் மடியில் இருந்தது. முன்பெல்லாம் மரம் ஏற்றிக்கொண்டு லாரியோடு ஃபெரியில் போவோம். கீழே வண்டிகள், மேலே நாங்கள், உப்புக்காற்று முகத்தில் அடிக்கும், தங்கராசு பாடிக்கொண்டே வருவான். இப்போது ஃபெரி சின்னதாகி, குளிர்ச்சாதனம் போட்டு மூடிவிட்டார்களாம். மோட்டார்சைக்கிளைவிடப் பெரிய வண்டியை ஏற்றமாட்டார்களாம். வேனுக்குப் பாலம்தான். பாலத்தில் கடலைப் பார்த்துக்கொண்டே போனோம், ஒருவரும் பாடவில்லை.

புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலை வாசலில் வேன் நின்றுவிட்டது. என்ன திருகினாலும் இருமியதே தவிர ஓடவில்லை. ஷிப்டு முடிந்து சீருடையோடு வந்த நம் ஆட்கள் நாலு பேர் பார்த்துவிட்டு வந்தார்கள். "அக்கா, கியர்ல போடுங்க, நாங்க தள்றோம்லா" என்றார்கள். நானும் தள்ளினேன். ஒருவர் என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க தள்றீங்களா, சாஞ்சிக்கிட்டு வர்றீங்களா?" என்று கேட்டார். இரவெல்லாம் மெஷினோடு நின்றுவிட்டு வந்தவர்களுக்கு எங்கிருந்துதான் இவ்வளவு கிண்டல் வருகிறதோ. வேன் குதித்துக் கிளம்பியது, அவர்கள் கையைத் தட்டிவிட்டுத் தங்கள் பஸ்ஸுக்குப் போனார்கள்.

கடைசல் பட்டறைத் தவுக்கே, அதாவது முதலாளி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, கொட்டாப்புளியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இவ்வளவு அழகாக இருக்கிறது, இதை எதற்குக் கெடுக்கவேண்டும்?" என்று மலாயில் கேட்டார்.

"நானும் அதத்தான் சொல்றேன் அங்கிள்" என்றாள் லெட்சுமி, பாதி தமிழிலும் பாதி மலாயிலும். தவுக்கே மெஷினை இன்னும் போடவில்லை, நாங்கள் நாலு பேரும் அதைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம்.

தங்கராசு கையை நீட்டி அவளிடம் இருந்து கொட்டாப்புளியை வாங்கினான். வலது கையில் பிடியை வைத்து, இடது கையால் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். பிடி அவன் உள்ளங்கையில் சரியாகப் பொருந்தியது. என் ஞாபகம் தப்பவில்லை, அதுதான் கொடுமை. இடது கையை விட்டுவிட்டுத் தூக்கினான். தோள்வரைக்கும் வந்தது. பிறகு விரல்கள் தாமாகப் பிரிந்தன, கொட்டாப்புளி சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டு லெட்சுமியின் காலடியில் போய் நின்றது.

"பாத்துக்கிட்டியா?" என்றான். அவளிடம் கேட்டானா என்னிடம் கேட்டானா தெரியவில்லை. "கதிரு, நீ செஞ்சது இந்தக் கைக்கு இல்லடா. ஒன் நெனப்புல இருக்கிற கைக்கு. அது நல்ல கைதான். நானும் தெனமும் நெனச்சுக்கிறேன். ஆனா நாளைக்கி முகம் வெட்டப்போற கை இந்தா நிக்குது."

லெட்சுமி குனிந்து அதை எடுத்தாள். தூசியை முந்தானையால் துடைத்தாள். அழுதுகொண்டே என்னிடம் நீட்டினாள்.

நானே கடைகிறேன் என்று தவுக்கேவிடம் கேட்டேன், அவர் ஒதுங்கி இடம் விட்டார். மெஷின் சுற்ற ஆரம்பித்ததும் உளியை வைத்தேன். நான் பார்த்துப் பார்த்துத் தேய்த்து எண்ணெய் ஏற்றிய மேல்தோல் சுருள்சுருளாக உரிந்து வந்தது. அரும்பாவூரில் அதைச் செய்த நாட்களில் நான் தங்கராசுவோடு மனசுக்குள் எவ்வளவு பேசியிருப்பேன்! அந்தப் பேச்செல்லாம் என் சட்டைமேல் தூளாக விழுந்துகொண்டிருந்தது. அழுதுவிட்டேன். தவுக்கே பின்னால் இருந்து தோளைத் தட்டி, கண்ணாடி மாட்டிக்கொள்ளச் சொன்னார்.

பாதியில் நிறுத்தி லெட்சுமியைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். வேண்டாவெறுப்பாகத்தான் பிடித்தாள். காற்றில் ஒரு தடவை வீசினாள். இன்னொரு தடவை வீசினாள். "கழுத்துல இன்னும் கொஞ்சம் எடுங்கண்ணே" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். "தலை முன்னாடி இழுக்குது" என்றாள். அதையும் குறைத்தேன். "சுண்டுவெரலு எடத்துல ஒரு வளைவு இருந்தா நல்லாருக்கும்." சற்று முன்னால் வெட்டக்கூடாது என்று அழுதவள் இவள்தானா என்று தவுக்கே தங்கராசுவைப் பார்த்தார். தங்கராசு வயிறு குலுங்கச் சிரித்தான். நான் வந்ததில் இருந்து அவன் அப்படிச் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

கடைசியில் அவளுடைய கையைப் பிடித்து, உள்ளங்கையையும் விரலையும் அழுத்திப் பார்த்து, பிடியை முடித்தேன். முதலிலேயே அப்படிச் செய்திருக்கவேண்டியது. எடை போட்டுப் பார்க்கச் சொன்னார் தவுக்கே. வேண்டாம் என்றாள் லெட்சுமி. "கைக்குத் தெரியுது" என்றாள். தவுக்கே எங்களுக்கு ஆளுக்கொரு கிண்ணம் சூடான சீன டீ கொடுத்து அனுப்பிவைத்தார். வேன் அன்றைக்கு ஒரே திருகில் கிளம்பியது.

நான் புறப்படவேண்டிய நாள் காலையில் அன்னத்தின் முகத்தை லெட்சுமி ஆரம்பித்தாள். விமானம் சாயங்காலம்தான், அதனால் நானும் பட்டறையில் உட்கார்ந்து லெட்சுமிக்கு உளி தீட்டிக் கொடுத்தேன். மணிக்கட்டுத் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டாள். வீக்கம் இன்னும் வற்றவில்லை, ஆனால் ஒரு தடவைகூட அவள் முகம் சுளிக்கவில்லை. இரண்டு அடி மெதுவாக, ஓர் அடி அழுத்தமாக, ஒரு சின்ன நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் அவள் தலையைச் சாய்த்துப் பார்க்கிறாள், பிறகுதான் அடுத்த அடி. கட்டைக்குள் இருந்து அலகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அலகின் ஓரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அன்னம் சிரிக்குமா என்று எங்கள் ஊரில் கேட்பார்கள். இந்த ஊர் அன்னம் சிரிக்கட்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

அன்னத்தின் கண்ணைத் திறக்க அவள் உளியை மாற்றியபோது தங்கராசு டீ வாங்க வெளியே போனான். இங்கே டீயைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயை நூலால் கட்டிக் கொடுப்பார்கள். மூன்று பைகளை இடது கை விரல்களில் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பி வந்தான்.

எங்கள் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. டீ வந்தால் முகம் வெட்டுகிற ஆசாரிக்குத்தான் முதல் டீ. வயசில் மூத்தவனோ, விருந்தாளியோ, யாராக இருந்தாலும் அப்புறம்தான். அந்த மாடியில் ஐந்து வருஷமும் அது அவனாக இருக்கும், இல்லாவிட்டால் நானாக இருக்கும், மூன்றாவது ஆள் கிடையாது. அவன் டீயோடு உள்ளே வந்ததும் என் கை பழக்கத்தில் தானாக நீண்டுவிட்டது.

தங்கராசு என் கையைத் தாண்டிப் போனான். முக்காலிக்குப் பக்கத்தில் நின்று ஒரு பையை நீட்டினான்.

"ஆசாரி, டீ" என்றான்.

லெட்சுமி அடிப்பதை நிறுத்திவிட்டு, கூப்பிட்டது என்னை என்று நினைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அவன இல்ல" என்றான் தங்கராசு. "ஒன்னத்தான்."